வண்ணம் தோய்ந்த திருமுகம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கிழக்கு நோக்கி ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் மலைச்சாலை முடியும் இடத்தில் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டத்து ஊர் உள்ளது. பசிய சரிவுகளும், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும், அவற்றிற்கு அப்பால் முகில் சூழ்ந்த அகத்தியர் மலையும் அங்கே காட்சி தருகின்றன. 1868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர்கூடத்துக்குக் கேரளப் பக்கமிருந்து ஏறுவோர் இவ்வூரிலிருந்தே நடக்கத் தொடங்குவர். தமிழ் முனிவன் உறையும் பொதியில் என நம் முன்னோர் போற்றிய மலை இதுவே. இதன் கீழைச் சரிவில் பொருநை பிறக்கிறது. மேலைச் சரிவில் நெய்யாறு பிறக்கிறது. ஒரு மலையின் நீர் இரு நாட்டுக்கும் பாய்கிறது.

இம்மலைச் சரிவில் தேயிலை கொய்ய வந்தோருள் பலர் தமிழர். மலைக்கு அப்பாலுள்ள தென்மாவட்டங்களில் உறவுடையோர். அன்னார் இல்லத்தில் மணம் ஒன்று கூடுமாயின் அதற்குரிய அழைப்பிதழ்களுள் சில மலைக்கு இப்பாலும், சில மலைக்கு அப்பாலும் செல்லுதல் வேண்டும். அவ்வழைப்பிதழ் எவ்வெழுத்தில், யார் கையால் எழுதப்பெறும் என்னும் வினா முதற்பார்வைக்குச் சிறியது. ஆயின் அதன் பின்னே நெடியதொரு வரலாறு நிற்கிறது.

இந்நாளில் நகரங்களில் கையால் செய்த காகிதத்தில் நீர்வண்ணம் தீட்டிய மடல்களையும் அழைப்பிதழ்களையும் விரும்பிப் பெறுவோர் பெருகி வருகின்றனர். இது மேனாட்டார் கொண்டுவந்த புதுமை எனக் கருதுவோரும் உளர். தமிழர் மடலில் வண்ணம் தொன்றுதொட்டே இருந்து வந்துள்ளது. அழகு கருதி மட்டும் அன்றி, அழைப்பவர் கை அதில் பட்டது என்பதற்குச் சான்றாகவும் இருந்து வந்துள்ளது. இதனை ஒரு சில சான்றுகளால் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு பனைகள்

காகிதம் வருமுன் தமிழர் எழுதியது ஓலையில் என்பதை யாவரும் அறிவர். எனினும் அவ்வோலை எல்லாம் ஒரு மரத்தினுடையது அன்று என்பது பலர் நினையாத செய்தி. மலையின் கிழக்கே வறண்ட நிலத்தில் ஓங்கி நிற்பது பனை. மேற்கே மழை மிக்க நிலத்தில் தழைப்பது தாளிப்பனை. குடைப்பனை என்பதும் அதுவே. வாழ்நாளில் ஒரே முறை பூத்துக் காய்த்துப் பின் மடியும் இயல்பினது அம்மரம். அதன் ஓலை அகன்றது, மெல்லியது, வளைந்து கொடுப்பது. பனையோலையோ குறுகியது, தடித்தது, உறுதி மிக்கது. கிழக்கே பனையோலையிலும் மேற்கே தாளியோலையிலும் கணக்கும் காவியமும் எழுதினர். இரண்டையும் வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டு, ஓரம் நறுக்கியே எழுதுதற்குரியனவாக ஆக்கினர். ஆகவே நம் முன்னோரின் எழுதுபொருள் முதல் முதற்கொண்டே கைத்தொழிலாக இருந்தது.

திருவனந்தபுரம் இவ்வோலைச் செல்வத்துக்குப் பேர்போன ஊர். பத்மநாப சுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் ஓலைச்சுருள்களாகவே காக்கப்பெற்றன. வட்டெழுத்தும் தமிழும் மலையாண்மையும் அவற்றில் விரவிக் கிடக்கின்றன. திருவிதாங்கூர் வேந்தர் பிறப்பித்த ஆணைகளுக்கு ‘நீட்டு’ என்பது பெயர். அவையும் ஓலையில் எழுதப்பெற்றவையே. சோழர் காலத்தில் மன்னன் வாய்மொழியை எழுத்தாக்கிய அதிகாரி ‘திருமந்திர ஓலை’ எனவும், அவர்க்குத் தலைவர் ‘திருமந்திர ஓலைநாயகம்’ எனவும் கல்வெட்டுகளிற் குறிக்கப்பெறுதல் ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது.

ஓலையின் வகைகளுக்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! சுருட்டி அனுப்புவது முடங்கல். பெரியோர் விடுப்பது திருமுகம். மணச்செய்தி கூறுவது மணவோலை. இறப்புச் செய்தி கூறுவது சாவோலை. செய்தி இன்னது என்பது படிக்குமுன்னரே பெயராலும் தோற்றத்தாலும் விளங்குமாறு அமைத்தனர் நம் முன்னோர்.

மாதவி விடுத்த மடல்கள்

வண்ணத்தால் எழுதிய மடல் ஒன்றைத் தமிழிலக்கியத்தில் காண விரும்புவார் சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையை நோக்குதல் வேண்டும். கானல்வரி பாடியதன் பின் கோவலன் பிரிந்து சென்றான். தனித்திருந்த மாதவி மலர்மாலை ஒன்றன் இடையே அமைந்த தாழையின் வெண்தோட்டை எடுத்தாள். பித்திகையின் முகையை எழுத்தாணியாகக் கொண்டாள். அலத்தகம் எனப்படும் செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து எழுதினாள். வெள்ளைத் தோட்டில் சிவந்த எழுத்துகள்! தாளும் தூரிகையும் வண்ணமும் மூன்றும் அவள் கைப்படச் செய்தவை. இதனினும் சிறந்த கைவண்ண மடலை எவ்வூர்க் கலைஞர் தீட்டுவர்?

அம்மடலைக் கோவலன் ஏற்க மறுத்தான் என்பதே கதை. அழகு மட்டும் ஒருவன் மனத்தை மாற்றிவிடாது என்பதை இளங்கோவடிகள் உணர்த்துகின்றார் போலும்.

மாதவி விடுத்த மடல் மற்றொன்றும் உண்டு. மதுரைக்குச் செல்லும் வழியில் கௌசிகன் என்னும் அந்தணன் அதனைக் கோவலனிடம் சேர்த்தான். அதில் மலரும் இல்லை, செங்குழம்பும் இல்லை. மண்பொறியிட்டு மூடிய ஓலை அது. ஆயினும் அப்பொறியில் மாதவியின் கூந்தல் பதிந்த தடத்தையும் கூந்தல் நெய்யின் மணத்தையும் கோவலன் உணர்ந்தான். உடனிருந்த நாள்களை அம்மணம் அவனுக்கு நினைவூட்டியது. முன்னை மடலைத் தள்ளியவன் இதனைப் பிரித்துப் படித்தான். அவள்மேல் தீதில்லை எனத் தெளிந்தான்.

இவ்விரு மடல்களையும் ஒருங்கு வைத்து எண்ணுவார்க்கு ஓர் உண்மை புலனாகும். முதல் மடலில் கலை இருந்தது. இரண்டாம் மடலில் எழுதியவரின் தடம் இருந்தது. மடல் ஒன்று உள்ளத்தைத் தொடுவதற்கு இன்றியமையாதது அத்தடமே. பின்வரும் வரலாறு முழுதும் இவ்வுண்மைக்கு விளக்கமாக அமைகிறது.

மலை கடந்த திருமுகம்

பாண்டி நாட்டிலிருந்து சேரநாட்டுக்குச் சென்ற திருமுகம் ஒன்றைச் சைவத் திருமுறைகள் போற்றுகின்றன. பதினோராம் திருமுறையின் முதற்கண் நிற்பது திருமுகப் பாசுரம். மதுரை ஆலவாய் இறைவனே தன் அடியவராகிய பாணபத்திரர்க்குப் பொருளுதவுமாறு சேரமான் பெருமாளுக்கு எழுதியது என்பது மரபு. பாணபத்திரர் அதனை ஏந்தி மலைநாடு சென்றார். சேரமான் அத்திருமுகத்தைத் தலைமேற் கொண்டு போற்றிப் பெருஞ்செல்வம் வழங்கினார் எனப் பெரியபுராணம் விரித்துரைக்கும்.

ஒரு மடலைத் தலைமேற் கொள்ளுதல் என்னும் வழக்கு எண்ணத்தக்கது. ‘முகம்’ என்றே அதற்குப் பெயரிட்டனர். மடலைக் காண்பது விடுத்தவரின் முகத்தைக் காண்பதற்கு ஒப்பாகும் என்பது கருத்து. இன்றும் மூத்தோர் அழைப்பிதழைத் தாம்பூலத் தட்டில் வைத்து இரு கையாலும் நீட்டுகின்றனர். பெறுவோரும் இரு கையாலும் ஏற்றுக் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றனர். சேரமான் செய்த மரியாதையின் எச்சம் நம் வீட்டுத் திண்ணைவரை வந்திருத்தலை இதனால் அறியலாம்.

மஞ்சள் தந்த எழுத்து

ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய எழுத்து முதலில் கண்ணுக்குப் புலனாவதில்லை. அது வெறுங்கீறல். அதன்மேல் விளக்குக்கரி, வசம்புக்கரி, இலைச்சாறு, மஞ்சள் ஆகியவற்றைக் கூட்டிப் பூசித் துடைத்தால் கீறலில் மட்டும் நிறம் தங்கி எழுத்துத் தோன்றும். பள்ளியிற் புகும் சிறுவர்க்கு முதலேட்டைத் தரும்போது மையும் மஞ்சளும் தடவிப் படிக்கக் கொடுத்தனர். எனவே ஓலைக்காலத்தில் வண்ணம் என்பது எழுத்துக்குப் பின் சேர்த்த ஒப்பனை ஆகாது. வண்ணம் பூசிய பின்னரே எழுத்து எழுத்தாயிற்று.

இவற்றுள் மஞ்சள் தனிச்சிறப்புடையது. மஞ்சட்பொடி நீரில் முற்றும் கரைவதில்லை. நுண்துகளாய் மிதந்து, பூசிய இடத்தில் படிந்து நிறம் தருகிறது. நீர்வண்ணம் என இந்நாள் ஓவியர் கூறுவதன் இயல்பும் ஏறக்குறைய இதுவே. அம்மஞ்சளுடன் சுண்ணாம்பு கூடின் செந்நிறம் பிறக்கும். ஆலம் கரைக்கும் தாய்மார் யாவரும் இதனை அறிவர். அடுக்களையில் உள்ள இரு பொருள்களால் மஞ்சளும் சிவப்புமாகிய இரு மங்கல வண்ணங்கள் கிடைத்துவிடுகின்றன. கடையிற் சென்று வாங்கவேண்டாத வண்ணப்பெட்டி இது.

மணவோலையின் ஓரங்களில் மஞ்சள் தடவியது இவ்வாறு அமைந்த வழக்கு. இறப்பு அறிவிக்கும் மடலில் மஞ்சளுக்கு இடமில்லை. பிற்காலத்தில் கரிய விளிம்பு அதற்கு அடையாளமாயிற்று. அதனைப் படித்தவுடன் கிழித்தெறியும் வழக்கமும் உண்டு. மணமடலையோ பூசை மாடத்தில் வைத்துப் போற்றினர். நகரத்தார் மரபில் மணநாளன்று இருவீட்டார் இசைவையும் எழுத்தில் பொறிக்கும் ‘இசைகுடிமானம்’ முற்காலத்தில் ஓலையில் எழுதப்பட்டுப் பின் தாளுக்கு மாறியது. எழுதுபொருள் மாறினும் கையால் எழுதுதல் என்னும் நெறி அங்கு மாறவில்லை.

காகிதமும் அச்சும்

காகிதம் என்னும் சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. மராத்தியர் ஆண்ட தஞ்சையில் அரசாங்க எழுத்துகள் தாளில் மோடி எழுத்தில் அமைந்தன. எனினும் பொதுமக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் ஓலையை முற்றும் விட்டாரில்லை.

அச்சுக்கலையின் வரலாறு போனக்காட்டுக்கு வடமேற்கே உள்ள கொல்லத்தோடு தொடர்புடையது. 1578ஆம் ஆண்டு அண்டிரிக்கு அடிகளார் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ அங்கே அச்சேறியது. இந்திய மொழியெழுத்தில் அச்சான நூல்களுள் இன்று கிடைப்பவற்றுள் மூத்தது அதுவே. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் கண்டார். ஐரோப்பாவிலிருந்து வரும் தாள் போதாமையால் 1715 வாக்கில் அருகிலுள்ள பொறையாற்றில் தாள் செய்யும் ஆலை ஒன்றும் நிறுவப்பெற்றது. 1835இல் அச்சகங்களின் மேலிருந்த தடை நீங்கியதும் இந்தியர் பலர் அச்சகம் தொடங்கினர். அதன் பின்னரே மணச்செய்திகள் அச்சிட்ட தாளாக உலவலாயின.

அச்சினால் விளைந்த நன்மைகளை மறுப்பார் இலர். நூறு பேர்க்கு நூறு ஓலை எழுதும் தொல்லை ஒழிந்தது. எளிய குடியினரும் ஊர் முழுவதையும் எழுத்தால் அழைக்க முடிந்தது. ஆயினும் நூறு தாளிலும் ஒரே எழுத்து. எவர் கையும் அதில் இல்லை. இக்குறையை நம் மக்கள் எவ்வாறு தீர்த்தனர்? அச்சகத்திலிருந்து வந்த கட்டினைப் பிரித்து, வீட்டு மூத்தோர் நடுவீட்டில் அமர்ந்து, ஒவ்வோர் அழைப்பிதழின் நான்கு மூலையிலும் விரலால் மஞ்சள் தொட்டு வைத்தனர். இயந்திரம் எடுத்துச் சென்ற கைத்தடத்தை இவ்வாறு விரல் மீட்டுத் தந்தது. ஆண்டுகள் பல கடந்த பின்னும் இவ்வழக்கம் மறையாமைக்குக் காரணம் வெறும் சடங்குப்பற்று மட்டும் அன்று என்பது எம் துணிபு.

மேனாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் நண்பர்க்கு அனுப்பக் கிறித்துமசு வாழ்த்து மடல் ஒன்றை ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு அமைத்தார். கல்லச்சில் ஏறத்தாழ ஆயிரம் படிகள் எடுத்தனர். கோடுகளை அச்சுத் தந்தது. வண்ணத்தையோ கையாலேயே தீட்டினர். வணிக வாழ்த்து மடலின் தொடக்கத்திலும் அச்சும் கையும் ஒன்றையொன்று தழுவியே நின்றன.

நீர்வண்ணத்தின் நெறி

நீர்வண்ணம் என்பது நுண்ணிய நிறப்பொடியும் பிசினும் சேர்ந்தது. பிசின் நிறத்தைத் தாளோடு பிணைக்கிறது. நீர் அதனைப் பரப்பிவிட்டு ஆவியாகிறது. நம் நாட்டில் வேலம்பிசின் இதற்கு உதவியது. அவுரியிலிருந்து நீலமும், அரிதாரத்திலிருந்து மஞ்சளும், சாதிலிங்கத்திலிருந்து சிவப்பும், விளக்குக்கரியிலிருந்து கருமையும் பெற்றனர். மெல்லிய நீர்வண்ணத்தில் ஒளி தருவது தாளின் வெண்மையே. பூசாது விட்ட இடமே வெளிச்சமாகும். ஒருமுறை தவறியதை மறைத்தல் அரிது. ஆகவே கை நடுங்கினால் நடுக்கமும், விரைந்தால் விரைவும் தாளில் தங்கிவிடும். தீட்டியவரைக் காட்டிக்கொடுக்கும் கலை இது. மடலுக்கு இதனினும் பொருத்தமான கலை வேறு இல்லை எனலாம்.

தஞ்சை இரண்டாம் சரபோசி (1798–1832) காலத்தில் இக்கலை தாளில் ஓங்கியது. அவர்தம் மருத்துவமனையில் கண்நோயுற்றாரின் குறிப்பேடுகளில் நோயுற்ற கண்களை ஓவியர் வண்ணத்தில் வரைந்து வைத்தனர். தஞ்சை ஓவியர் சிலர் ஐரோப்பியர்க்காகப் பல தொழில் மாந்தரைக் கணவனும் மனைவியுமாகத் தாளில் தீட்டித் தொகுதிகளாக்கி விற்றனர். இன்று உலக அருங்காட்சியகங்கள் போற்றும் அத்தாள்கள் அந்நாளில் ஊருக்கு அனுப்பும் நினைவுப் பொருள்களாக விளங்கின.

மதுரையும் கிளிமானூரும்

இக்கலையும் மலை கடந்தே திருவிதாங்கூருக்கு வந்தது. சுவாதித் திருநாள் ஆட்சியில் (1829–1846) மதுரையினரான அழகிரி நாயுடு அரண்மனை ஓவியராகப் போற்றப்பெற்றார். அவரிடம் கிளிமானூர் இராஜராஜ வர்மா ஓவியம் பயின்றார். இராஜராஜ வர்மாவின் மருகரே 1848இல் பிறந்த இரவிவர்மா. 1862இல் பதினான்கு அகவைச் சிறுவராக அவர் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்து வரப்பெற்றார். அங்கே அவர்க்கு நீர்வண்ணம் பயிற்றியவர் இராமசாமி நாயுடு. நெய்வண்ணத்தால் புகழ் பெற்ற இரவிவர்மா நீர்வண்ணத்தையே முதலில் பயின்றார் என்பதை நாம் மறத்தலாகாது.

1894இல் இரவிவர்மா பம்பாய்க்கு அருகே கல்லச்சுக்கூடம் நிறுவினார். அரண்மனைச் சுவரில் தொங்கிய திருமகளும் கலைமகளும் எளியோர் குடிசைக்கும் வந்தனர். அதன்பின் தெய்வப் படங்கள் மீண்டும் மலைக்கு இப்பால் பாண்டி நாட்டை வந்தடைந்தன. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் (1898–1976) அவர்தம் மாணாக்கரும் நாட்காட்டிகளுக்குத் தீட்டிய படங்கள் பெரும்பாலும் சிவகாசியில் அச்சேறின. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1923இல் தொடங்கியது. தீப்பெட்டிகளில் ஒட்டும் சிறு படங்களுக்காக வளர்ந்த வண்ண அச்சு, நாட்காட்டிக்கும் அழைப்பிதழுக்கும் விரிந்தது. முகப்பில் பிள்ளையாரும் குத்துவிளக்கும் அச்சிட்ட வெற்று அட்டைகள் சிவகாசியிலிருந்து ஊர்தோறும் சென்றன; ஊர் அச்சகத்தார் மணமக்கள் பெயரை அதனுள் கோத்து மிதியச்சில் அடித்துத் தந்தனர்.

இங்ஙனம் மதுரையிலிருந்து மலை கடந்து சென்ற வண்ணம், கிளிமானூர்க் கையால் உயர்ந்து, பம்பாய்க் கல்லில் பதிந்து, கோவில்பட்டித் தூரிகையில் தோய்ந்து, சிவகாசி அட்டையில் ஏறி, அஞ்சல் வழியே மீண்டும் மலைத்தோட்டத்து லயம்வரை வந்து சேர்ந்தது. அஞ்சல் என்னும் சொல்லும் ஈண்டு நினைவிற்குரியது. திருவிதாங்கூர் தனக்கென ‘அஞ்சல்’ நடத்திய நாடு. 1888இல் சங்கு முத்திரையோடு அஞ்சல்தலை வெளியிட்டது. மணி கட்டிய கோலேந்திய அஞ்சலோட்டக்காரர் தாள் மடல்களோடு ஓலை மடல்களையும் சுமந்தனர். 1951இல் அது இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது.

மீண்டும் கைக்காகிதம்

ஆலைத் தாளின் வரவால் இந்நாட்டுக் காகிதியர் தொழில் நலிந்தது. அதற்கு உயிர் கொடுக்க முனைந்தது 1934இல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கம். அதன் பொறுப்பை ஏற்று நடத்தியவர் 1892இல் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா என்பது தமிழர்க்குப் பெருமை தருவது. இன்று இராசத்தானத்துச் சாங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் அவர் பெயரையே தாங்குகிறது. 1938இல் அரிபுரா காங்கிரசு மாநாட்டுக்கு நந்தலால் போசு தீட்டிய படங்கள் கைக்காகிதத்தில் அமைந்தவை. அவர் மாணவர்க்கும் நண்பர்க்கும் அஞ்சலட்டையில் சிறு ஓவியம் தீட்டி அனுப்பும் வழக்கமுடையவர். 1950இல் கையொப்பமான இந்திய அரசியலமைப்பும் அச்சுக்கோப்பாக அமையவில்லை. பிரேம் பிகாரி நாராயண் ராய்சாதாவின் கை எழுதியது. நந்தலாலும் சாந்திநிகேதன் மாணவரும் அணி செய்தனர். குடியரசு தன் பிறப்பை அறிவித்த மடலே கையால் எழுதி வண்ணம் தீட்டியது எனின், இல்லத்து மணமடலுக்கு அது தகாதோ?

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தார் 1959 முதல் கைக்காகிதம் செய்து வருகின்றனர். பின்னலாடை ஆலைகளில் எஞ்சும் பருத்தித் துணுக்குகளை நீரோடு அரைத்துக் கூழாக்குவர். கூழைத் தொட்டியில் கலக்கி, கம்பிவலைச் சட்டத்தால் முகந்து, அசைத்து நீர் வடிப்பர். ஈரத் தாளைத் துணிமேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்தி, கொடியில் உலர்த்துவர். நீர் ஊறிப் பரவாவண்ணம் பசையிட்டு மெருகேற்றுவர். பருத்தி இழை நீண்டது. ஆதலின் நீர்வண்ணத்தின் ஈரத்தைத் தாங்கும், எளிதில் கிழியாது, மரக்கூழ்த் தாள்போல் விரைந்து பழுப்பதுமில்லை. வெட்டாது விட்ட அதன் ஓரம் சற்றே ஒழுங்கற்று நிற்கும். அவ்வொழுங்கின்மையே இது கையில் பிறந்தது எனக் கூறும் அடையாளம்.

ஆயினும் ஒன்று கூறாது விடின் இவ்வரலாறு முழுமை பெறாது. முன்னாளில் கைம்மடல் எல்லார்க்கும் உரியதாக இருந்தது, அச்சுமடல் செல்வர்க்குரியதாயிற்று. இந்நாளிலோ அச்சட்டை எளியோர்க்கும், கைக்காகிதத்தில் ஓவியர் தீட்டிய மடல் செல்வர்க்கும் என நிலை தலைகீழாயிற்று. பிறர் கையைப் பொருள் கொடுத்து வாங்கி அனுப்புதல் கலைஞர்க்கு வாழ்வளிப்பது. அதனை யாம் குறைகூறோம். ஆயின் கோவலன் தள்ளிய மடலையும் பிரித்த மடலையும் ஈண்டு நினைவுகூர வேண்டும். ஓவியர் தீட்டிய ஆயிரம் மலரினும் தாய் தன் விரலால் தொட்டு வைத்த மஞ்சள் உரிமை மிக்கது. அதனோடு அழைக்கப்படுபவர் பெயரை அழைப்பவர் தம் கையால் எழுதுவாராயின், அம்மடல் மெய்யாகவே திருமுகம் ஆகும்.

மலையடிவாரத்து வினா

தொடங்கிய இடத்துக்கு மீள்வோம். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் தமிழகத்தோடு இணைந்தன. நெடுமங்காட்டு மலைகள் கேரளத்தில் நின்றன. பொதியிலின் நீர் இருபுறமும் பாய்வது நிற்கவில்லை. ஆயின் எழுத்து இருபுறமும் பாய்கிறதா என்பதே வினா. மலைத்தோட்டத் தமிழர் இல்லங்களில் பேச்சுத் தமிழாகவே இருக்க, பிள்ளைகள் பலர் மலையாள எழுத்தையே பள்ளியில் பயில்கின்றனர். அஃது அவர்தம் வாழ்வுக்கு இன்றியமையாதது; மலையாளமும் நமக்கு அயலன்று. எனினும் தேயிலைத் தொழில் நலிந்து, ஊதிய நிலுவையும் வேலையின்மையும் வாட்டிய ஆண்டுகளில் போனக்காட்டினின்றும் பலர் வேறிடம் நாடிப் போயினர். சிதறிய உறவை ஒன்றுகூட்டும் எழுத்தாகப் பல இல்லங்களில் எஞ்சி நிற்பது மண அழைப்பிதழ் ஒன்றே.

பாட்டி மஞ்சள் தொட்டு வைக்கிறார். பெயர்த்தி மேலுறையில் பெயர் எழுதுகிறாள். பாட்டிக்கு எழுதத் தெரியாது. பெயர்த்திக்குத் தமிழில் எழுதத் தெரியாது. இந்நிலை மலைத்தோட்டத்துக்கு மட்டும் உரியதெனக் கருதற்க. பெருநகரங்களிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழும் நம் இல்லங்கள் பலவற்றின் நிலையும் இதுவே. அழைப்பிதழில் தமிழ் அச்சாகிறது. அதனைத் தமிழில் எழுதும் கை குறைகிறது.

எனவே சங்கத்தார்க்கு எளியதொரு விண்ணப்பம். திங்களுக்கு ஒருநாள் சிறார்களைக் கூட்டி, ஒரு கட்டுக் கைக்காகிதமும், ஒரு கிண்ணம் மஞ்சள் நீரும், ஒரு தூரிகையும் அவர் முன் வைப்போம். தாத்தா பெயரையும் அத்தை பெயரையும் ஊர்ப்பெயரையும் அவர் தம் கையால் வண்ணத்தில் எழுதட்டும். எழுத்துக் கோணினும் குற்றமில்லை. பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, பிறந்தநாளுக்கு ஓர் அழைப்பு என அம்மடல்கள் மலைக்கு இருபுறமும் செல்லட்டும். கலை பின்னர்த் தானே வளரும்.

மஞ்சள் வெயிலில் வெளிறும் நிறம். ஓவியர் அதனை நிலையாத வண்ணம் என ஒதுக்குவர். ஆயினும் பழைய பெட்டியிலிருந்து எடுத்த மணமடல் ஒன்றின் மூலையில் அது மங்கிப் பழுப்பேறி இன்றும் நிற்பதை நம்முள் பலர் கண்டிருப்போம். அதனைத் தொட்டு வைத்த விரல் மறைந்து பல்லாண்டாகியிருக்கலாம். மடலின் மூலையில் அவ்விரலின் தடம் மட்டும் இன்னும் நம்மை வருக என அழைக்கிறது.